பவளப் பாறையின் பெயரில்லாக் குடிகள்

மறைக்கல்வி வகுப்பு நடத்தும் வாசகி ஒருவர் நமக்கு எழுதிய மடலில் ஓர் ஐயத்தை முன்வைத்துள்ளார். பவளப் பாறைகளின் மேல் வாழும் புதிய பாக்டீரியா இனங்களை அறிவியலார் கண்டறிந்து வருகின்றனர் என்று வகுப்பில் பேச்சு எழுந்ததாம். உடனே ஒரு சிறுவன் எழுந்து, இறைவன் படைப்பை அன்றே முடித்துவிட்டார் என்றால் புதிய இனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறான். அவனை உட்காரச் சொல்லாமல் கேள்வியை நமக்கு எழுதியனுப்பிய ஆசிரியைக்கு நம் பாராட்டு.

சுருங்கிய விடை எளிது. அந்த உயிர் பன்னெடுங்காலமாகக் கடலில் இருந்து வருகிறது. அதற்கு நாம்தான் புதியவர்கள். உயிரினங்கள் காலப்போக்கில் மாறி வருகின்றன என்பதும் உண்மையே. அதற்கும் நம் விசுவாசத்திற்கும் பகை ஏதும் இல்லை. அதனை வேறொரு மாதம் விரிவாகப் பேசலாம். ஆனால் சிறுவனின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஓர் உயிரைப் புதிது என்று எதைக்கொண்டு சொல்கிறார்கள்? தொடக்க நூலில் ஆதாம் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பெயரிட்டான் என்று வாசிக்கிறோம். அவை அவன் கண்முன் வந்து நின்றன. கண்ணுக்கே தெரியாத உயிருக்கு எவ்வாறு பெயரிடுவது? அந்தப் பெயரால் யாருக்கு என்ன பயன்?

முதலில் பவளம் என்னும் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். மதுரைத் தெற்கு ஆவணி மூல வீதியில் பவளம் என்று கேட்டால் சிவந்த மணி ஒன்றை எடுத்து நீட்டுவர். அது நம் கடலில் விளைந்தது அன்று. மத்திய தரைக் கடலிலும் ஜப்பான், தைவான் கடல்களிலும் எடுக்கப்படுவது. நம் கடலில் இருப்பது பாறை கட்டும் பவளம். மதுரையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சென்றால் மண்டபம் வரும். அங்கே இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கரையையொட்டி வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றி 117 வகைப் பவளங்கள் வாழ்வதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்குப் பின்னரும் நெடுநாள் பவளக் கல்லை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பிக் கொண்டிருந்தோம். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. அவற்றைக் காத்து நின்ற பாறையை வெட்டியெடுத்தது அதற்கு முதன்மையான காரணம் என்பர்.

கல்லாகத் தோன்றும் பவளம் உண்மையில் ஒரு குடியிருப்பு. பூவிதழ் போன்ற நுண்ணிய விலங்குகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, தமக்கடியில் சுண்ணாம்பு வீட்டைக் கட்டிக்கொண்டே செல்கின்றன. அவற்றின் உடலுக்குள் ஒற்றை உயிரணுப் பாசிகள் தங்கியிருந்து, சூரிய ஒளியில் உணவு சமைத்துத் தம்மை ஏற்ற வீட்டாருக்கும் பகிர்கின்றன. பவளத்தின் நிறம் பெரிதும் இந்தப் பாசிகளால் வருவது. உடலின் மேற்புறத்தை வழுவழுப்பான கூழ் ஒன்று போர்த்தியிருக்கும். அந்தக் கூழில் ஒரு துளியை எடுத்தால் அதில் பாக்டீரியாக்கள் இலட்சக்கணக்கில் இருக்கும். பவளம் தன்னந்தனியாக வாழ்வதே இல்லை. அதன் நலம் இந்தக் குடிகளைப் பொறுத்தது. அவர்களுள் பெரும்பாலோருக்கு இன்றுவரை பெயர் கிடையாது.

பெயரிடும் வேலை ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் தொடங்குகிறது. அந்தத் தட்டில் ஊற்றும் பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம், ஏனெனில் அதில் நம் ஊருக்கும் பங்குண்டு. பாக்டீரியாவை வளர்க்க அகர் என்னும் கெட்டிக் கூழ் வேண்டும். நம் முகமதிய அண்டை வீட்டார் நோன்புக் காலத்தில் ‘கடல்பாசி’ என்று இனிப்புச் செய்து கொடுப்பார்களே, அதே பொருள்தான். இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சையடக்கி மூழ்கி, பாறைகளில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து வருகின்றனர். அது காய்ந்து, மூட்டைகளாக மதுரையையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த அகர் ஆலைகளுக்கு வருகிறது. அந்தப் பெண்களின் கையில் பாறை கீறிய தழும்பைக் காணாதவர்கள் அப்பக்கத்து ஊர்களுக்குச் சென்றதில்லை என்றே பொருள்.

இப்பொருளை ஆய்வுக்கூடத்திற்குள் கொண்டு வந்தவர் ஒரு குடும்பத் தலைவி. ஜெர்மனியில் இராபர்ட் கோக் என்னும் பெரும் அறிஞரின் கூடத்தில் வால்த்தர் ஹெஸ்ஸே என்பவர் பணியாற்றி வந்தார். அக்காலத்தில் ஜெலட்டின் கூழில் பாக்டீரியாவை வளர்த்தனர். கோடை வந்தால் கூழ் உருகி வேலையெல்லாம் பாழாகிவிடும். உன் இனிப்பு மட்டும் வெயிலில் உருகாமல் நிற்பது எப்படி என்று ஹெஸ்ஸே தம் மனைவி ஏஞ்சலினாவைக் கேட்டார். சாவகத் தீவில் வாழ்ந்து வந்த டச்சுக்காரர் வழியே தாம் சிறு வயதில் அறிந்துகொண்ட அகரைப் பற்றி அந்த அம்மையார் சொன்னார். இது நடந்தது 1881-இல். மறு ஆண்டு காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்த கோக், தம் கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார். அந்த அம்மையாரைக் குறிப்பிடவில்லை. சமையலறையிலிருந்து வந்த அறிவுக்கு உலகம் இப்படித்தான் நன்றி செலுத்தி வந்திருக்கிறது.

கதைக்குத் திரும்புவோம். வனத்துறையின் அனுமதி பெற்று, விரல் நீளப் பவளக் கிளை ஒன்றை மூழ்கி எடுத்து வருகின்றனர். பவளம் 2001 முதல் நம் நாட்டில் புலி, யானை ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் வைத்துச் சட்டத்தால் காக்கப்படும் உயிர், அனுமதியின்றித் தொடலாகாது. கிளையைத் தூய கடல்நீரில் கழுவி, மேலிருக்கும் கூழை வழித்து அகர்த் தட்டில் பரப்புவர். சில நாள்களில் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு எனப் புள்ளிகள் முளைக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் உயிரணுவிலிருந்து பெருகிய கூட்டம். அதனை மீண்டும் மீண்டும் பிரித்து வளர்த்து, கலப்பற்ற ஒரே இனமாக்க வேண்டும். இதிலேயே பெரும் இடர்ப்பாடு இருக்கிறது. கடலில் வாழும் பாக்டீரியாக்களில் நூற்றுக்கு ஒன்றுகூட நாம் வைக்கும் தட்டில் எளிதில் வளர்வதில்லை. விருந்துக்கு அழைக்கிறோம், வருகிறவர்கள் மிகச் சிலர்.

வந்தவரை அடையாளம் காண, எல்லாப் பாக்டீரியாக்களிடமும் உள்ள ஒரு மரபணுவைப் படிக்கின்றனர். அது ஏறத்தாழ 1500 எழுத்துகள் கொண்டது. ஏற்கெனவே பெயர் பெற்ற இனங்களின் எழுத்து வரிசையோடு அதனை ஒப்பிட்டு, 98.7 விழுக்காட்டிற்குக் குறைவாக ஒத்திருந்தால் இது வேறு இனமாகலாம் என்று கருதுவர். அது ஐயத்துக்கு இடம் தருவதே ஒழிய, தீர்ப்பாகாது. முழு மரபுத்தொகையை ஒப்பிட வேண்டும். எந்த வெப்பத்தில் வளர்கிறது, எவ்வளவு உப்பைத் தாங்குகிறது, எதை உண்கிறது, உடலின் கொழுப்புகள் எவை என்றெல்லாம் எழுதியாக வேண்டும். பிறகு அந்தப் பாக்டீரியாவை உயிரோடு இரண்டு வெவ்வேறு நாடுகளின் நுண்ணுயிர்க் காப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். நம் நாட்டில் சண்டிகரிலும் புனேயிலும் அத்தகைய காப்பகங்கள் உள்ளன. எவர் ஐயுற்றாலும் அங்கிருந்து பெற்றுச் சோதித்துப் பார்க்கலாம். இவ்வளவும் நிறைவேறிய பின்னரே இலத்தீன் வடிவில் பெயர் ஏற்கப்படும். 2013-இல் பாக் விரிகுடாவின் சேற்றிலிருந்து நம் நாட்டு அறிஞர்கள் கண்டறிந்த ‘போட்டோபாக்டீரியம் மரினும்’ இத்தகைய வழியில் பெயர் பெற்றதே.

இத்துணைக் கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். பெயர் தவறினால் என்ன நேரும் என்பதற்கு இசுரயேல் நாட்டின் மத்திய தரைக் கடலோரத்தில் நடந்த ஒரு வரலாறு உண்டு.

அங்கே ‘ஒக்குலினா’ என்னும் பவளம் கோடைதோறும் வெளிறிப் போயிற்று. வெளிறல் என்பது உள்ளே குடியிருக்கும் பாசிகள் நீங்கிவிடுவதால் வருவது. அவை திரும்பாவிட்டால் பவளம் பட்டினியால் மடியும். கடல் வெப்பமே காரணம் என்று பலரும் கருதியிருந்த வேளையில், டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் குஷ்மாரோ, ரோசன்பர்க் முதலியோர் 1996-இல் வேறொரு குற்றவாளியைக் காட்டினர். நோயுற்ற பவளத்தில் ஒரு பாக்டீரியாவைப் பிடித்து, தனியே வளர்த்து, நலமான பவளத்தில் இட்டனர். அதுவும் வெளிறியது. அதிலிருந்து அதே பாக்டீரியாவை மீண்டும் பெற்றனர். காலராக் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த இதனைப் புதிய இனமென்று விளக்கி, 2001-இல் மோஷே ஷிலோ என்னும் அறிஞரின் நினைவாக ‘விப்ரியோ ஷிலோய்’ எனப் பெயரிட்டனர். குளிர்காலத்தில் இது எங்கே மறைந்திருக்கிறது என்பதையும் பின்னர்த் துருவிக் கண்டனர். பவளத்தைத் தின்னும் நெருப்புப் புழு ஒன்றின் உடல் அதற்குப் புகலிடமாக இருந்தது.

அந்த ஆண்டிலேயே வேறு அறிஞர்கள் காப்பகத்திலிருந்து பெற்று ஒப்பிட்டுப் பார்த்தனர். புதியவர் புதியவரே அல்லர். 1986-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ‘விப்ரியோ மெடிட்டரானி’ என்று பெயரிட்டிருந்த அதே இனம் என்று தெரிந்தது. பழைய பெயருக்கே உரிமை என்பது விதி. இதற்கு மேலும் ஒன்று நிகழ்ந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அதே கடலில் தேடினால் பவளத்தில் அந்தப் பாக்டீரியாவையே காண முடியவில்லை. வளர்த்து வைத்திருந்ததை இட்டாலும் பவளம் வெளிறவில்லை. பவளம் தன் மேல் வாழும் நல்ல பாக்டீரியாக்களின் கூட்டத்தை மாற்றிக்கொண்டு பகைவனைத் தடுத்திருக்கலாம் என்று ரோசன்பர்க்கின் குழுவினரே 2006-இல் எழுதினர். வேறு சில அறிஞர்களோ, அங்கு வெளிறலுக்குப் பாக்டீரியா முதற்காரணம் என்பதையே 2008-இல் மறுத்தனர். உலகக் கடல்களில் பெருமளவில் நிகழும் வெளிறலுக்கு வெப்பமே தலைமைக் காரணம் என்பதே இன்று பொதுவான முடிவு.

இதனை அறிவியலாரின் குழப்பம் என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தாம் கூறியதை எவரும் சோதிக்கும்படி சாட்சிப் பொருளை வைத்துவிட்டுப் போன நேர்மையால்தான் திருத்தம் வந்தது. நம் ஊர்களில் ஒருவர் மேல் சுமத்திய பழிச்சொல்லைத் திருத்திக்கொள்ள எத்தனை தலைமுறை ஆகிறது!

எல்லா விப்ரியோவும் இவ்வாறு தப்பிவிடவில்லை. சான்சிபார்த் தீவருகே, நம் இந்தியப் பெருங்கடலிலேயே, பவளத்திலிருந்து பெற்ற ஓரினத்திற்கு 2003-இல் ‘விப்ரியோ கோரல்லியிலிட்டிக்கஸ்’ என்று பெயர் வைத்தனர். குருமடத்தில் கற்ற சிறிது இலத்தீனும் கிரேக்கமும் நமக்கு இங்கே உதவுகின்றன: பவளத்தைக் கரைப்பது என்று பொருள். குற்றப்பத்திரிகையே பெயராக அமைந்துவிட்டது. இதன் நடத்தை கருதத்தக்கது. 22 பாகை செல்சியசிற்குக் கீழே இது பவளத்திற்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. 24 பாகையைத் தாண்டினால் பவளம் வெளிறுகிறது. 27-க்கு மேல் தசையே கரைந்து போகிறது. அண்டை வீட்டான் அவனேதான்; நாம் மூட்டிய சூட்டில் கொலைகாரன் ஆகிறான்.

இன்னொரு பாக்டீரியாவின் கதை நம் வாசகர்களுக்குத் தனியே சுவை தரும். 1819-இல் பதுவை நகருக்கு அருகே லெஞ்ஞாரோ என்னும் சிற்றூரில், சோள மாவுக் களியில் இரத்தம் போன்ற சிவப்புக் கறைகள் தோன்றின. கோடி அற்புதரின் ஊருக்குப் பக்கத்தில் இப்படி நேர்ந்தால் மக்கள் சும்மா இருப்பார்களா? பேயின் வேலை என்று அஞ்சினர். மருந்தாளர் பர்த்தொலோமேயோ பிசியோ என்பவர் கறையை எடுத்து வேறு களியில் இட்டு, ஈரமான வெப்பத்தில் அது வளர்வதைக் காட்டி, இஃது ஓர் உயிர் என்று நிறுவினார். செராத்தி என்னும் இத்தாலிய இயற்பியலாளரின் நினைவாக அதற்குச் ‘செராத்தியா மார்செசென்ஸ்’ என்று பெயரும் வைத்தார். பேயாக இருந்தது பெயர் பெற்றதும் ஆய்வுப் பொருளாயிற்று, அச்சமும் நீங்கிற்று.

1263-இல் பொல்சேனாவில் திருப்பலியின்போது அப்பத்தில் இரத்தம் தோன்றியதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிக்கும் இதே பாக்டீரியா காரணமாக இருக்கலாம் என்று கூறுவோர் உளர். சோதித்துப் பார்க்க இன்று வழியில்லை. அடுத்த ஆண்டு திருத்தந்தை நான்காம் உர்பான் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவைத் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்தினார். நற்கருணையில் நாம் கொண்டுள்ள விசுவாசம் ஒரு கறையின் நிறத்தைப் பற்றி நிற்பது அன்று என்பது நம் கருத்து. ஆகவே இதைக் கேட்டு அஞ்சவும் வேண்டாம், சினக்கவும் வேண்டாம்.

இந்தச் செராத்தியாதான் அமெரிக்காவின் புளோரிடாக் கடலோரத்தில் மான்கொம்பு போன்ற பவளங்களைக் கொன்றது என்று 2002-இல் தெரிய வந்தது. பவளத்தின் மேல் வெண்திட்டுகள் பரவித் தசை உரிந்தது. இது மனிதக் குடலிலும் கழிவிலும் காணப்படும் பாக்டீரியா. கடலுக்கு எப்படி வந்தது? சாக்கடைகளில் எடுத்த வகையையும் பவளத்தில் எடுத்த வகையையும் மரபணுவால் ஒப்பிட்டனர், ஒத்துப்போயின. பிறகு, மனிதக் கழிவிலிருந்து எடுத்த வகையைத் தொட்டியிலிருந்த பவளத்தில் இட்டுச் சோதித்ததில் நோய் வந்தது. அந்த முடிவு 2011-இல் வெளியாயிற்று. மனிதரிடமிருந்து கடல்வாழ் முதுகெலும்பிலி ஒன்றிற்கு நோய் தொற்றியது என்று நிறுவப்பட்டது அப்போதுதான். கழிவைத் தூய்மை செய்யாமல் நிலத்துக் குழிகளில் விட்டு வந்த அத்தீவுகளில் முறையான சுத்திகரிப்பு ஏற்பாடுகள் பெருஞ்செலவில் செய்யப்பட்டன. பாக்டீரியாவின் பெயர் சரியாகத் தெரிந்திராவிட்டால், எந்தக் குழாயை அடைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திராது.

இதை எழுதும்போது வையை நினைவுக்கு வராமல் இல்லை. மதுரையின் கால்வாய்கள் அதில் விழுவதை நாம் நாள்தோறும் பாலத்தின் மேலிருந்து பார்க்கிறோம். அந்த ஆறு இராமநாதபுரம் பெரிய கண்மாயை நாடிச் சென்று, வெள்ளக் காலத்தில் மிஞ்சிய நீர் பாக் விரிகுடாவில் கலக்கிறது. பாக் விரிகுடாவிலும் பவளம் உண்டு.

நம் பக்கத்தில் இவ்வேலை நடக்கிறதா என்று கேட்பீர்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பவியல் துறையில் பேராசிரியர் கருத்தபாண்டியனும் அவருடைய மாணவர்களும் மன்னார் வளைகுடாவின் ‘அக்ரோபோரா டிஜிட்டிஃபெரா’ என்னும் பவளத்தின் கூழிலும் தசையிலும் வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்து, 2009-இல் அவற்றின் குலவரிசையை வெளியிட்டனர். அவற்றுள் சில மனிதருக்குப் பயன்படலாம் என்பதையும் கண்டனர். குழந்தைகளின் தொண்டையில் புண் உண்டாக்கி, கவனிக்காமல் விட்டால் மூட்டு வாதமாகி, இதய வால்வைக் கெடுக்கும் கிருமி ஒன்று உண்டு. அது படலமாக ஒட்டிக்கொண்டு மருந்துக்கு எளிதில் மசியாமல் நிற்கும். பவளத்துப் பாக்டீரியாக்களின் சாறு அந்தப் படலம் உருவாவதைத் தடுக்கிறது என்று அவர்களுடைய ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. மருந்தாவதற்கு இன்னும் நெடுந்தொலைவு உண்டு. செய்தித்தாள் தலைப்புகளை நம்பி யாரும் பவளப் பொடி வாங்கிவிட வேண்டாம். எனினும் வால்வு கெட்ட பிள்ளைகளுக்காக வெள்ளிக்கிழமை மாலையில் மெழுகுதிரி ஏற்றும் தாய்மாரை அறிந்த நமக்கு, இந்தச் செய்தி வெறும் ஆய்வேட்டுச் செய்தியாகப் படவில்லை.

காக்கும் இனங்களும் பெயர் பெற்று வருகின்றன. ‘எண்டோசோயிகோமோனாஸ்’ என்னும் பேரினம் 2007-இல் ஜப்பானில் ஒரு கடல் நத்தையிலிருந்து அறியப்பட்டது. 2010-இல் தைவான் பவளத்திலிருந்து அதன் மற்றோர் இனத்திற்குப் பெயரிட்டனர். நலமான பவளங்கள் பலவற்றில் இக்குடும்பம் மிகுதியாகவும், நோயுற்றவற்றில் குறைவாகவும் இருப்பதைப் பல கடல்களில் கண்டுள்ளனர். நல்ல பாக்டீரியாக்களைப் பவளத்திற்கு ஊட்டி வெப்பத்தைத் தாங்கச் செய்யும் முயற்சியும் நடக்கிறது. ஊட்டுவதற்கு முன் எது நல்லது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளின் கோடைகளில் பவளங்கள் பெருமளவில் வெளிறின. 2016-இல் மட்டும் ஏறத்தாழ 16 விழுக்காடு மடிந்ததாகத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் மூழ்கிப் பார்த்துக் கணக்கெடுத்துள்ளனர். மடிந்த கிளைகளின் மேல் பாசி படர்ந்துவிடுகிறது. பழைய குடிகள் நீங்க, வேறு பாக்டீரியாக்கள் வந்து குடியேறுகின்றன. நீங்கியவர்கள் யார் யார் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

மதுரைக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் பயிலும் பிள்ளைகள் நம் பங்குகளில் பலர் இருக்கின்றனர். ஆய்வுக்குத் தலைப்புத் தேடி, அண்ணன்மார் எழுதியதையே பெயர் மாற்றி எழுதுவதாக அவர்களே நம்மிடம் சொல்வதுண்டு. பவளத்தைத் தொட அனுமதி வேண்டும், அதற்கு நாளாகும். ஆனால் மண்டபத்திலோ கீழக்கரையிலோ ஊர்ச் சாக்கடை கடலில் விழும் இடத்தில் ஒரு புட்டி நீரை முகந்து வந்து, அதில் செராத்தியா உண்டா, எந்த மாதத்தில் மிகுதி என்று தட்டில் வளர்த்துப் பார்க்கப் பெரும்பணம் தேவையில்லை. அகர் உள்ளூரிலேயே கிடைக்கும். பார்த்து எழுதினால் இப்பகுதியில் இடம் தருகிறோம்.

ஆலய மணிகளில் ஏறும் களிம்பைப் பற்றி உசிலம்பட்டிப் பக்கத்து அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு அடுத்த இதழில் எழுதுவோம்.